பொதிகையின் முதுகு





இந்த மாதம் பயணச் சிறப்பிதழ் என்று அறிவித்ததும் மதுரையிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். முகவரி எழுதும் பக்கத்திலும் இடம் விடாமல் நெருக்கி எழுதியிருந்தார். சாரம் இதுதான்: “ஊட்டி, கொடைக்கானல் போனேன். காசி போனேன். மகன் அழைத்துப்போய் சிங்கப்பூரும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் போன ஆளாகவேதான் திரும்பி வந்தேன், கூடவே ஒரு மூட்டை அழுக்குத் துணி. பயணம் மனுஷனை மாற்றும் என்று நீங்களெல்லாம் எழுதுகிறீர்களே, எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தால் மாறும்?”

அலுவலகத்தில் எல்லோரும் படித்துச் சிரித்தோம். பிறகு அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். நாள்தோறும் காலையில் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சிறப்பிதழுக்கு வந்த கட்டுரைகளில் பாதி, எழுதியவர் மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கும் படத்தோடு வந்தவை. அவற்றைத் திருத்த உட்காரும்போதெல்லாம் மதுரைக்காரர் கண்ணாடிக்கு அடியிலிருந்து கனைப்பதுபோல இருக்கும். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு பயணம். அதிலும் உச்சிக்குப் போகவில்லை, அடிவாரத்தோடு திரும்பிவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம். எங்களுக்கு மேற்கு என்றால் பொதிகை. “மேக்க கறுத்திருக்கு, துணியை எடு” என்று அம்மா சொன்னால் அரை மணியில் சாரல் வரும். மார்கழி, தை மாதங்களில் சூரியன் அந்த மலைக்குப் பின்னால்தான் இறங்கும். பள்ளிக்கூடத்தில் அகத்தியர் கதை சொன்னார்கள்: சிவன் திருமணத்துக்கு எல்லோரும் வடக்கே கூடியதால் பூமி சாய்ந்தது, குறுமுனி தெற்கே வந்து பொதிகையில் உட்கார்ந்ததும் நேரானது. அங்கிருந்து தமிழும் தாமிரபரணியும் வந்தன. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு 2024 தொடக்கம் வரை அந்த மலையின் பெயர்தான். ஆகவே பொதிகை எங்களுடையது என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம் கிடையாது. அந்த மலைக்கு மேற்குப் பக்கம் ஒன்று இருக்கும், அங்கேயும் ஆட்கள் இருப்பார்கள், அவர்களுக்கு அது கிழக்கு என்பதெல்லாம் ஐம்பது வயது தாண்டும்வரை தோன்றவே இல்லை. வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். பார்த்தது வேறு, தோன்றியது வேறு.

அந்த மேற்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டான போனக்காட்டுக்குப் போனது ஒரு தை மாதத்தில். திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். நெடுமங்காடு, விதுரா வழி. நெடுமங்காடு வரை சாதாரணக் கேரளம்: ரப்பர், மரவள்ளி, நகைக்கடை விளம்பரம், தேவாலயம், கோயில், கட்சிக் கொடிகள். விதுரா தாண்டி, அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இருக்கும் ஜெர்சி ஃபார்ம் சந்திப்பையும் கடந்தால் சாலை ஒடுங்கும். காணித்தடம் என்ற இடத்தில் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்குப் பிறகு காடுதான்.

அரசுப் பேருந்தை மலையாளிகள் ‘ஆனவண்டி’ என்பார்கள். சின்னத்தில் இரண்டு யானை இருப்பதால் வந்த செல்லப்பெயர். அந்தச் சாலையில் அசல் யானைகளும் குறுக்கே வரும் என்பதால் பெயருக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. நான் ஏறிய வண்டியில் பதினைந்து பேர் இருந்திருப்போம். ஒரு சாக்கு அரிசி, இரண்டு எரிவாயு உருளை, கோழித் தீவனம், ஒரு பள்ளிக்கூடப் பையன். நடத்துநருக்கு எல்லோருடைய பெயரும் தெரிந்திருந்தது. வழியில் ஒரு வளைவில் ஆள் யாருமில்லாமலே வண்டி நின்றது. ஓட்டுநர் ஒரு பொட்டலத்தை மரத்துக் கிளையில் மாட்டிவிட்டு ஏறினார். யாருக்கோ மாத்திரை. மாலையில் வந்து எடுத்துக்கொள்வார்களாம். காலியாக ஓடும் மலைப் பேருந்துகளை நட்டக் கணக்கில் எழுதுவார்கள். அந்தக் கிளையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தேயிலைத் தோட்டம் என்றால் நம் மனதில் ஒரு படம் இருக்கிறது, இல்லையா? இடுப்பளவுக்குச் சீராக வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம், நடுவே முதுகில் கூடையோடு பெண்கள். போனக்காட்டில் நான் பார்த்தது தேயிலைக் காடு. கொழுந்து கிள்ளாமல், கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். இயல்பில் அது மரம்தான். பறிக்கும் கைக்கு எட்டவேண்டும் என்று நாம்தான் வெட்டி வெட்டிச் செடியாகவே வைத்திருக்கிறோம். இங்கே தோட்டம் படுத்துப் பல வருடமாகிவிட்டது. ஆளுயரம் தாண்டி, இரண்டாள் உயரம் போய், பாசி படிந்த தண்டோடு, வெள்ளைப் பூப் பூத்து நிற்கின்றன மரங்கள். நடுவே வெள்ளைக்காரர் காலத் தொழிற்சாலை. கூரைத் தகடு பெயர்ந்திருந்தது. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உள்ளே இலையை உருட்டும் இயந்திரங்கள் துருப்பிடித்து, அப்போதுதான் ஷிப்டு முடிந்து போனவர்கள் விட்டுவிட்டதுபோல வரிசை கலையாமல் நின்றன.

லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இன்னும் ஆள் இருந்தார்கள். தோட்டம் நின்றபோது சம்பளமும் பணிக்கொடையும் பாக்கி நின்ற குடும்பங்கள். போக இடமிருந்தவர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் தெற்கு மாவட்டங்களிலிருந்து கங்காணி அழைத்துவந்த குடும்பங்களின் வாரிசுகள்.

அதில் ஒரு லயத்துத் திண்ணையில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். என் செருப்பைப் பார்த்தார், தோள்பையைப் பார்த்தார். “பேயி பாக்க வந்தியளா, மலை ஏற வந்தியளா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விளக்கம் வேண்டும். போனக்காட்டுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது இரண்டு காரணத்துக்காக. ஒன்று, தோட்டத்துத் துரையின் பழைய பங்களா. அதில் பேய் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டு, யூடியூபில் ஆயிரம் வீடியோ ஆகி, இரவில் பைக்கில் இளைஞர்கள் வந்து கூச்சலிட்டுவிட்டுப் போகிறார்கள். மற்றொன்று அகத்தியர்கூடம், நம் பொதிகைச் சிகரம். 1868 மீட்டர். தமிழ்நாட்டுப் பக்கம் பாணதீர்த்தம் வழியாகப் போன பழைய பாதை அடைபட்டுவிட்டதால் பொதிகைக்குப் போக நினைக்கும் தமிழர்களும் இப்போது கேரள வனத்துறையிடம் இணையத்தில் பதிந்து, போனக்காடு வந்துதான் ஏறவேண்டும். தை, மாசியில் சில வாரங்கள் மட்டும்தான் அனுமதி. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. பதிவு திறந்த சூட்டிலேயே தீர்ந்துவிடும். நான் முயன்ற அன்றும் தீர்ந்திருந்தது.

“ரெண்டுக்கும் இல்லை அம்மா, சும்மா வந்தேன்” என்றேன்.

“சும்மா யாரு வருவா?” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். “எந்தூரு மக்களே?”

‘மக்களே’ என்று ஒரு ஆளைப் பன்மையில் கூப்பிடுவது தென்கோடித் தமிழிலும் தென் திருவிதாங்கூர் மலையாளத்திலும் பொது. ஐம்பது வயது தாண்டிய என்னை யாரோ அப்படிக் கூப்பிட்டதில் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அம்பாசமுத்திரம் என்று சொன்னேன். அவருடைய ஆச்சி வள்ளியூர்ப் பக்கமாம். ஆரல்வாய்மொழி வழியாக மாட்டுவண்டியில் வந்தவர்களாம். “அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் போகல. போனாலும் அங்க யாரு இருக்கா?” உள்ளே போய்க் கட்டன் சாயா போட்டுக்கொண்டுவந்தார். தேயிலைத் தோட்டத்தில் குடித்த அந்தக் கட்டனின் தூள், விதுராக் கடையில் வாங்கிய பாக்கெட். அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

பேய் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் பத்திரிகைக்காரப் புத்தி. “ராத்திரி லைட் அடிச்சிட்டு வாரானுவ. இங்க லயத்துல வெளக்கு எரியுறதப் பாத்து அலறுதானுவ. நாந்தான் பேயி” என்றார். தன் வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பேய் என்று படம்பிடித்துப் போகிறவர்களும் பயணிகள்தான். அவர்கள் பார்க்க வந்ததைப் பார்த்துவிட்டார்கள். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்து, போன ஆளாகவே சாப்பிட்டிருப்பார்கள். மதுரை வாசகரே, சந்தேகம் வேண்டாம், உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் என்னைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. நானும் அதுவரை போன ஊர்களில், பார்க்க வேண்டியவை என்று எழுதிக்கொண்டுபோன பட்டியலுக்கு வெளியே எதையும் பெரிதாகப் பார்த்ததில்லை.

இந்த மலைக்கு வந்துபோனவர்கள் வரிசையை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. வராமலேயே வந்தவர் ஒருவர் முதலில் நிற்கிறார். 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங். தெற்கே மலய மலையையும், அதற்குக் கிழக்கே அவலோகிதேசுவரர் உறையும் பொதலகம் என்ற மலையையும் பற்றி எழுதியிருக்கிறார். அவர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே வரவில்லை, கேள்விப்பட்டதைத்தான் எழுதினார் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிக்கோசாகா அந்தப் பொதலகம் நம் பொதிகைதான் என்று வாதிட்டார். மறுப்பவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டால், திபெத்தில் லாசா நகரத்தின் பொதாலா அரண்மனையும், சீனக் கடற்கரையோரத் தீவு மலையான புத்துவோ ஷானும் தாங்கி நிற்பது அம்பாசமுத்திரத்து மேற்குத் திசையின் பெயரை. நாம் மலைக்குப் போகிறோம் என்று நினைக்கிறோம். மலை நமக்கு முன்பே இமயம் தாண்டிப் போய்விட்டது.

அடுத்தவர் ஜான் ஆலன் புரோன், ஸ்காட்லாந்துக்காரர். 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கினார் அல்லவா, அதற்கு 1852இல் இயக்குநராக வந்தார். திருவனந்தபுரம் அன்று காந்த நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் காந்த ஊசியின் அசைவைக் கவனிக்க உலகிலேயே நல்ல இடங்களில் ஒன்று. ஆனால் அவருக்கு ஒரு கேள்வி: தரையில் இப்படி அசையும் ஊசி ஆறாயிரம் அடி உயரத்தில் எப்படி அசையும்? அதற்காக 1855இல் அகத்தியர் மலையுச்சியில் ஒரு கூடம் கட்டினார். அட்டையும் யானையும் நிறைந்த காட்டில் தடம் வெட்டி, நுணுக்கமான கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றி. அங்கே காற்று நிற்கிற நாள் குறைவு, மேகம் விலகுகிற நேரம் அதைவிடக் குறைவு. உதவியாளர்கள் குளிரில் விறைத்துக்கொண்டு, மணிக்கணக்கு தவறாமல் ஊசியின் நிலையை ஏட்டில் குறித்தார்கள். மலையிலும் கீழேயும் எடுத்த அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து 1874இல் லண்டனில் புத்தகமாக வந்தது.

புரோனை எனக்குப் பிடிக்கும். உச்சிக்குப் போய்த் தன்னைப் படம் எடுத்துக்கொள்ளாமல் ஒரு ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். திருவனந்தபுரத்தின் அருங்காட்சியகமும் உயிரியல் பூங்காவும் தொடங்கியதில் அவர் கை இருக்கிறது. ஆனாலும் அவர் புத்தகத்தைப் புரட்டும்போது அந்தச் சுமை தூக்கியவர்கள், தடம் காட்டிய மலைவாசிகள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். ஊசி ஆடியது தெரிகிறது, தூக்கியவர் மூச்சு வாங்கியது தெரியவில்லை.

மூன்றாவது ஒரு கர்னல். ஹீபர் டுரூரி. இந்த மலைத்தொடரில் மட்டுமே வளரும் ஒரு ஆர்கிட் செடியை வெளியுலகுக்குத் தெரிவித்தவர். மஞ்சள் நிறத்தில் செருப்பு போன்ற உதடு கொண்ட பூ. தாவரவியல் பெயரில் அவர் பெயரையே வைத்தார்கள். பூ அழகு. அதுவே அதற்கு வினையாகிவிட்டது. சேகரிப்பவர்கள் தேடி வந்து வேரோடு பிடுங்கிப்போய், இப்போது காட்டில் அதைக் காண்பதே அரிது. இதையும் பயணத்தின் பலன் என்றுதான் சொல்லவேண்டும்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1987 டிசம்பர். பி. புஷ்பாங்கதன் என்ற தாவரவியலாளரும் அவருடைய சகாக்களும் அகத்திய மலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போகிறார்கள். பழங்குடிகளுக்குத் தாவரங்களைப் பற்றி என்னென்ன தெரியும் என்று நாடு முழுக்கத் தொகுத்த ஒரு பெரிய திட்டத்தின் பகுதி அது. வழிகாட்ட, அந்தக் காட்டின் பழங்குடிகளான காணி இளைஞர்கள் சிலர். மேட்டில் ஏற ஏற ஆய்வாளர்களுக்கு நாக்கு தள்ளுகிறது. முன்னால் போகிற காணிகளோ களைப்பே இல்லாமல் பேசிக்கொண்டு போகிறார்கள். அவ்வப்போது ஏதோ சின்னப் பழத்தை வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்தவர்களிடம் நாலு பழத்தை நீட்டுகிறார்கள். தின்றதும் தெம்பு திரும்புகிறது. “எந்தச் செடி இது?” என்று கேட்டால் சிரிக்கிறார்கள், சொல்லவில்லை. வெளியாளுக்குச் சொல்லக்கூடாத அறிவு அது. நிறையப் பேசி, தவறாகப் பயன்படுத்தமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் செடியைக் காட்டுகிறார்கள்.

அதுதான் ஆரோக்கியப்பச்சை. தரையோடு ஒட்டி, நிழலில் வளரும் சின்னஞ்சிறு செடி. நூறு முறை மிதித்துக் கடந்தாலும் கண்ணில் படாது. பாலோடு ஊரில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை ஆராய்ந்து, வேறு மூலிகைகளும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய ஃபார்மஸிக்குத் தயாரிப்பு உரிமை. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் உரிமைப்பங்கு. இரண்டிலும் சரிபாதி காணி மக்களுக்கு. அதை வாங்கி நடத்த 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது. பழங்குடி அறிவுக்கு இப்படி ஒரு பங்கை முறையாகக் கொடுத்தது உலகத்திலேயே முதல் சில முயற்சிகளில் ஒன்று என்று பல நாட்டுக் கூட்டங்களில் எடுத்துக்காட்டாகப் பேசினார்கள்.

சுபம் போட்டு முடிக்க முடியாத கதை இது. செடியை வளர்க்கலாமா, காட்டிலிருந்து எடுக்கலாமா என்பதில் வனத்துறைக்கும் மற்றவர்களுக்கும் இழுபறி. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்டா முடிவெடுத்தார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. மந்திரவாதமும் வைத்தியமும் பார்க்கும் அவர்களுடைய மூத்தவர்கள் சிலருக்கு ரகசியம் வெளியே போனதே பிடிக்கவில்லை. இருக்கட்டும். எனக்கு அந்த முதல் நொடிமேல்தான் கண். பட்டம் பெற்றவர், பழங்குடிகளுக்கு என்ன தெரியும் என்று ஆராயவே வந்தவர், கையில் கேள்விப் பட்டியலோடு நடக்கிறார். விஷயம் அந்தப் பட்டியலில் இல்லை. கால் சோர்ந்து, பட்டியலை மூடிவிட்டு, தரையில் உட்கார்ந்தபோதுதான் பழம் கைக்கு வருகிறது. களைக்காமல் போயிருந்தால்? தன் சாப்பாடு, தன் தண்ணீர், தன் மாத்திரை என்று எல்லாவற்றையும் சரியாகக் கட்டிக்கொண்டு போயிருந்தால்? இப்போதெல்லாம் நாம் அப்படித்தான் போகிறோம்.

இதே போனக்காட்டில் ஒரு ஜனவரியில் நடந்ததையும் விடமுடியாது. அகத்தியர்கூட மலையேற்றத்துக்குப் பெண்களை அனுமதிப்பதில்லை என்று வெகுகாலம் இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. 2019 ஜனவரி 14 அன்று பருவம் தொடங்கியபோது, பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அதிகாரி கே. தன்யா சனல் ஆண்கள் கூட்டத்தோடு போனக்காட்டிலிருந்து நடந்தார். தீர்ப்புக்குப் பிறகு போன முதல் பெண். காணி மக்களுக்கு அகத்தியர் குலதெய்வம் போல. உச்சியில் இருக்கும் சிலையருகே பெண்கள் போவது அவர்கள் வழக்கத்துக்கு மாறு. அவர்கள் கூடி எதிர்ப்பைச் சொன்னார்கள், பாட்டுப் பாடினார்கள், வழியை மறிக்கவில்லை.

நடப்பது என்னவோ எல்லோருக்கும் ஒரே நடைதான். முதல் நாள் ஆறும் ஓடையும் புல்மேடும் கடந்து அதிருமலை முகாம். வழியில் ‘ஏழு மடக்குத் தேரி’, ‘முட்டிடிச்சான் தேரி’ என்று ஏற்றங்கள். முட்டி வந்து நெஞ்சில் இடிக்கும் அளவுக்குச் செங்குத்து என்பதால் அந்தப் பெயர். தேரி என்றால் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செம்மணல் மேடு. அதே சொல் மலைக்கு இந்தப் பக்கம் பாறையும் வேருமாக மாறி நிற்கிறது. மறுநாள் உச்சி, மூன்றாம் நாள் திரும்பல். தன்யா சனல் போய்வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்தக் காணிப் பெண்கள் பாடிய பாட்டு என்னவென்று அறிந்துகொள்ளவும் ஆசை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது. போனக்காட்டுக்குப் போகும்முன் எனக்கு இவ்வளவு இடம் இருந்ததா என்பது சந்தேகம். அங்கே போகாமல் செய்தித்தாளில் மட்டும் படித்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்து, சூடாக ஒரு தலையங்கம் எழுதி, மறந்திருப்பேன்.

நம் பத்திரிகைத் தொழிலின் மூதாதை ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஏ.கே. செட்டியார். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக 1930களின் கடைசியில் கண்டம் கண்டமாக அலைந்து, துண்டுத் துண்டாகப் படச்சுருள் சேர்த்தவர். படம் 1940இல் வெளிவந்தது. பிறகு ‘குமரி மலர்’ பத்திரிகையை நடத்தினார். உலகம் சுற்றிய தமிழன் என்று பெயர் வாங்கியும் அவருடைய பயணக் கட்டுரைகளில் ‘நான்’ தேடினால்தான் கிடைக்கும். தபால்காரர் இருப்பார், ஓட்டல் பணியாள் இருப்பார், கப்பலில் பக்கத்து இருக்கைக்காரர் இருப்பார். எழுதியவர் ஓரமாக ஒதுங்கி, அவர்களுக்கு வெளிச்சம் விழட்டும் என்று நிற்பார். இந்தச் சிறப்பிதழுக்குக் கட்டுரை தேர்ந்தபோது எங்களுக்கு இருந்த அளவுகோல் அதுதான். கை விரித்த படங்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டன. அனுப்பியவர்கள் மன்னிக்கவேண்டும்.

மறுபடி திண்ணைக்கு வருகிறேன்.

கட்டன் குடித்து முடித்தபோது மேகம் கொஞ்சம் விலகியது. தேயிலை மரங்களுக்கு மேலே, தென்கிழக்கில், பாறை மண்டையோடு அது தெரிந்தது. எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சின்ன வயதில் தினமும் பார்த்த முகம். ஆனால் இது முதுகு. சரிவு எதிர்ப்பக்கம் இருந்தது. எங்கள் ஊரில் தோளாகத் தெரியும் மேடு இங்கே காணவே இல்லை. “அகத்தியர்தானே?” என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

“பின்ன? வெடியக்கால நீ இருந்திருந்தா பாத்திருக்கலாம். அதுக்குப் பொறத்தால இருந்துதான் சூரியன் வரும். கொழுந்து பறிக்கப் போற காலத்துல, அது அகத்தியன் தோள்ல ஏறதுக்குள்ள பெரட்டுக்கு நிக்கணும். இல்லன்னா அரை நாள் சம்பளம் போச்சு.”

எங்கள் ஊரில் அது விளையாட்டு முடிந்து வீடு திரும்பும் நேரத்தின் மலை என்றேன். சூரியன் அங்கேதான் இறங்கும், அதற்குள் வீட்டுக்கு வராவிட்டால் அம்மாவிடம் அடி. அவர் இதை வெகுநேரம் யோசித்தார். ஒரே மலை இவருக்கு வேலைக்கு அழைக்கும் சங்கு, எனக்கு வேலையே தெரியாத வயதின் கடைசி வெளிச்சம். நான் பொதிகை எங்களுடையது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிய வருடங்களில் இவர் அதன் மறுபக்கம் முட்டியளவு மழைத்தண்ணீரில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்திருப்பார். என் வீட்டில் குடித்த தேநீரில் அந்தக் கொழுந்து ஒன்றிரண்டு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

“அங்க இருந்து பாத்தா எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

பத்திரிகையில் முப்பது வருடமாக வருணனை எழுதுகிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூம்பு மாதிரி என்றேன். யானை மத்தகம் மாதிரி என்றேன். கையால் காற்றில் வரைந்து காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “ஒரு போட்டோ எடுத்து அனுப்பு மக்களே. எங்க ஆச்சி பாத்த மலைதானே அது” என்றார். தபால் வருமா என்று கேட்டேன். “வண்டிக்காரங்க கிட்ட குடுத்தா வரும். எம் பேரு சொன்னாப் போதும்.”

மூன்றரை மணி வண்டியில் கீழே இறங்கினேன். அந்த வளைவில் மரக்கிளை காலியாக இருந்தது. மாத்திரையை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

மதுரை வாசகருக்கு நான் எழுதிய பதில் அட்டையில் இவ்வளவு இடம் இல்லை. “அடுத்த முறை எங்காவது போனால், கூடவரும் யாராவது எதையாவது நீட்டினால், கை கழுவவில்லையே என்று பார்க்காமல் வாங்கித் தின்றுபாருங்கள்” என்று மட்டும் எழுதினேன். நாலே நாளில் பதில் வந்துவிட்டது: “எனக்குச் சர்க்கரை. டாக்டர் திட்டுவார்.” இவரோடு நான் எப்படிச் சமாளிப்பது?

போனக்காட்டுப் பக்கம் போக நினைக்கும் வாசகர்களுக்கு இரண்டு தகவல். மலையேற்றத்துக்கு அனுமதி கேரள வனத்துறை மூலம் மட்டுமே, அதுவும் பருவத்தில் மட்டுமே. எஸ்டேட் வரை போவதானாலும் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு போங்கள். வழி முழுக்கப் பேப்பாறை வன உயிரினச் சரணாலயத்தின் காடு, இருட்டிய பிறகு அது யானைகளுடையது. சொந்த வண்டியைவிட ஆனவண்டி நல்லது. லயங்களில் ஆட்கள் இருக்கிறார்கள். இரவில் டார்ச் அடிக்காதீர்கள்.

அம்பாசமுத்திரம் போய்வந்தேன், போன மாதம். வீட்டு மொட்டைமாடியில் மூன்று நாளும் மாலை ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் மேகம். மூன்றாம் நாள் ஐந்து நிமிடம் திறந்தது, கைபேசியில் எடுத்த படத்தில் மலை நகத்தளவுதான் வந்திருக்கிறது, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருக்கிறது. அண்ணன் மகனிடம் நல்ல கேமரா இருக்கிறது. தைப்பொங்கலுக்கு அவனும் வருகிறான்.

அன்புடன்,
ஆசிரியர்